நனைத்தவன் கடன்

கள்ளிச் செடிகளிடம் நமக்கு ஒரு மரியாதை இருக்கிறது. யாரும் நீர் ஊற்றாமல், யாரும் திரும்பிப் பாராமல், பாறை இடுக்கில் நின்று பூப்பது என்பதில் நம்மைப் போன்றவர்களுக்கு ஒரு சுயசித்திரம் கிடைத்துவிடுகிறது. முந்நூறு பிரதி அச்சிட்டு இருநூறைக் கட்டிலுக்கடியில் வைத்திருப்பவனுக்கு இந்தச் சித்திரம் அவசியமான ஆறுதலாகவும் இருக்கலாம். நானும் இந்த மரியாதையோடுதான் வெகுகாலம் இருந்தேன். மூன்று வருஷங்களாகக் கள்ளியை விதையிலிருந்து, அதுவும் வீட்டுக்குள், வளர்த்துப் பார்த்ததில் அந்த மரியாதை எதன் மேல் நிற்கிறது என்ற சந்தேகம் வந்துவிட்டது. சந்தேகத்தைத்தான் எழுதுகிறேன். தீர்வு எதுவும் கையில் இல்லை.

நான் இருப்பது கொல்லிமலையில், செம்மேட்டில். காரவள்ளியில் தொடங்கும் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிமுடித்து, சோளக்காட்டையும் தாண்டினால் வருகிற ஊர். மூவாயிரம் அடிக்கு மேல். காப்பி, மிளகு, பலா, அன்னாசி விளைகிற மண். மழைக்காலத்தில் துணி காயாது. புத்தக அட்டையில் பூசணம் பூக்கும். கள்ளிக்கு இது ஊரே அல்ல. அதன் ஊர் எழுபது வளைவுகளுக்குக் கீழே, அடிவாரத்துப் பாறைகள். அங்கேதான் கள்ளிமுளையானைப் பார்த்தேன். பெயரில் கள்ளி இருந்தாலும் தாவர சாஸ்திரப்படி அது எருக்கின் உறவு. விரல் தடிமனில் நாலு பட்டைத் தண்டு, இலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை, ஈக்களை அழைக்கிற வாடையோடு சின்னப் பூ. ஆடு மேய்க்கிறவர்கள் ஒடித்து அப்படியே தின்பார்கள். கைப்பும் உப்பும் கலந்த ருசி. கொஞ்ச நேரம் பசி தெரியாது. வில்லியம் ரக்ஸ்பர்க் 1795ல் வெளிவந்த தம் கோரமண்டல் கரைத் தாவரங்கள் நூலிலேயே இதைப் பதிவுசெய்திருக்கிறார். பசித்தவன் பசியை ஏமாற்றத் தின்றதன் சாற்றை இன்று மாத்திரையாக அடைத்து, தின்று கொழுத்தவன் உடல் இளைக்க விற்கிறார்கள். இது தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கு வேண்டாம்.

ஒரு செடியை வேரோடு பெயர்த்துக்கொண்டு வந்திருக்கலாம். யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் பெயர்ப்பவன் எடுத்துப்போவது செடியை மட்டுமல்ல. அது அங்கே நின்ற வருஷங்களையும். தென்னாப்பிரிக்காவின் வறண்ட மேற்குப் பகுதியில் 2019க்குப் பிறகு நடப்பது இதுதான். கூழாங்கல் அளவேயுள்ள சதைப்பற்றுச் செடிகளை லட்சக்கணக்கில் பிடுங்கி, வெளிநாட்டு ஜன்னலோரங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். வாங்கியவர்கள் எல்லோரும் செடியை நேசிக்கிறவர்கள். நேசத்திற்குக் காத்திருக்க மட்டும் நேரமில்லை.

ஒரு துண்டை ஒடித்து வந்து நட்டிருக்கலாம் என்பது அடுத்த வழி. பிரண்டையை ஒடித்துப் போட்டால் வருகிற மாதிரி இதுவும் வந்துவிடும். இந்த மலையில் சாமையும் தினையும் நின்ற சரிவுகளில் இன்று பெரும்பகுதி மரவள்ளி. சேலம், நாமக்கல் ஜவ்வரிசி ஆலைகளுக்குப் போகிறது. மரவள்ளி குச்சியில் வருவது. போன வருஷத்துச் செடியின் துண்டுதான் இந்த வருஷத்துச் செடி. போத்து நட்டு வளர்ப்பதில் பிறப்பு நிகழ்வதில்லை. தாயின் சதை, தாயின் நீர்ச் சேமிப்பு, தாய் வெயிலில் நின்று பெற்ற தடித்த தோல் எல்லாமே முதல் நாளிலிருந்தே உடன் வருகின்றன. (நம் கவிதையிலும் போத்து நட்டு வந்தவர்கள் உண்டு. வேர் பிடிக்கும்போதே குருவின் தடித்த தோலோடு வந்தவர்கள். அவர்களைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.) விதைக்கு இவை எதுவும் கிடையாது. கள்ளி என்ற பெயர் மட்டும் உண்டு.

ஆக, விதை. எருக்கங்காய் வெடித்துப் பறக்கிற பஞ்சைத் தாத்தாப்பூச்சி என்று துரத்தாத பிள்ளைகள் நம் பக்கத்தில் இருந்ததில்லை. கள்ளிமுளையான் காயும் அந்த ஜாதிதான். மாட்டுக் கொம்புகள்போல் இரண்டிரண்டாக நீளும். காய்ந்து வெடித்தால் ஒவ்வொரு விதைக்கும் தலையில் ஒரு பட்டுக் குஞ்சம். காற்று கொண்டுபோய்விடும். காய் முற்றும்போது பழைய வேட்டித் துண்டைச் சுற்றி நூலால் கட்டிவிட்டு வந்து, இரண்டு வாரம் கழித்துப் போய் அவிழ்த்தேன். நாற்பது விதை எடுத்துக்கொண்டேன். மற்றதைக் காற்றுக்கு விட்டேன்.

மணலைச் சலித்து, செங்கல் பொடியும் செம்மண்ணும் சேர்த்து, கொதிக்கிற நீரை ஊற்றி ஆறவிட்டு, அகலமான மண்சட்டியில் நிரப்பினேன். விதைகளை மேலாகப் பரப்பி, தெரிந்தும் தெரியாமலும் மணல் தூவி, சட்டியைத் தாம்பாள நீரில் வைத்து அடியிலிருந்து ஈரம் ஏறவிட்டேன். மேலே ஒரு கண்ணாடித் துண்டு. கிழக்கு ஜன்னல். நாலாம் நாள் முதல் பச்சை. பத்தாம் நாள் எண்ணியபோது முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் அரிசி நொய்யளவு. இரண்டு குட்டி இலைகள், அடியில் கொஞ்சம் உப்பலாக ஒரு தண்டு.

பக்கத்துக் காட்டுக்காரப் பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். “தானா மொளைக்கிறத ஊட்டுக்குள்ள வெச்சு என்ன பண்றீங்க வாத்தியாரே” என்றார். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. கள்ளிதானே. கண்ணாடியை எடுத்துவிட்டு, சட்டியை வெயில் நேராக விழுகிற திண்ணையில் வைத்துவிட்டு, ஒரு வேலையாக நாமக்கல் போனேன். மாசி மாதம், வறண்ட காற்று. மறுநாள் மாலை திரும்பியபோது முப்பத்தொன்றும் பழுப்பு நூல்களாகக் கிடந்தன. கள்ளி தாகத்தில் செத்திருந்தது. இதைச் சொன்னால் சிரிப்பு வருகிறது, பார்த்தபோது வரவில்லை.

ஒரு கள்ளிக்கன்றுக்கு வறட்சியைத் தாங்கத் தெரியாது என்பதுதான் நான் அன்று கற்றது. பிறகு படித்ததில் இது என் சட்டியின் விவகாரம் மட்டுமல்ல என்று புரிந்தது. வளர்ந்த கள்ளிகள் பலவும் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு, இரவின் குளிரில் திறந்து, கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேமித்து, மறுநாள் பகலில் மூடிய கதவுக்குப் பின்னால் அதைச் சமைத்துக்கொள்கின்றன. நீரை இழக்காமலிருக்க இந்த ஏற்பாடு. இது அவற்றின் பிறவிக் குணம் என்றே நினைத்திருந்தேன். பனாமாவில் கிளாஸ் விண்டரும் அவர் கூட்டாளிகளும் ஒருவகை நாகதாளியின் நாற்றுகளை வைத்துச் செய்த ஆய்வு 2011ல் வெளிவந்தது. ஈரமண்ணில் முளைத்த நாற்று சாதாரணச் செடியைப் போலவே பகலில் திறந்து பகலில் மூச்சுவிடுகிறது. நீரைக் குறைக்கக் குறைக்கத்தான் இரவு மூச்சு வலுக்கிறது. கள்ளியின் வைராக்கியம் விதைக்குள் ஒரு சாத்தியமாக இருக்கிறது. அது ஸ்வபாவமாவது தாகத்தில். ஆனால் தாகம் வந்து சேரும்போது தாங்குவதற்கு ஓர் உடம்பு இருக்க வேண்டும். அந்த உடம்பைத் தருவது ஈரமும் நிழலும்தான். என் முப்பத்தொன்றுக்கும் உடம்பு வருவதற்கு முன் தாகம் வந்துவிட்டது.

அரிஸோனாப் பாலைவனத்தில் சகுவாரோ என்றொரு கள்ளி, நாற்பது அடிக்கும் உயரும். ஏகாந்தத்தின் படமாக அமெரிக்கச் சினிமாவில் நாம் எல்லோரும் பார்த்தது. அது முதல் எட்டு வருஷத்தில் ஓர் அங்குலம், மிஞ்சினால் ஒன்றரை அங்குலம் வளர்கிறது. அந்தக் காலத்தை ஒரு முள்மரத்தின் நிழலில்தான் கழிக்கிறது. திறந்த வெளியில் விழுந்த விதை அநேகமாகப் பிழைப்பதில்லை. பல பத்து வருஷங்கள் கழித்து, கள்ளி ஓங்கி நிற்கும்போது நிழல் தந்த மரம் பட்டுப்போயிருக்கும். சில சமயம் கள்ளியே அதன் நீரையும் பிடுங்கிக்கொண்டிருக்கும். படம் எடுக்க வருகிறவனுக்குத் தெரிவது தனியாக நிற்கிற கள்ளி.

இங்கு ஓர் ஆட்சேபம் எழும். இயற்கையில் ஆயிரம் விதைக்கு ஒன்றுதானே பிழைக்கிறது? பாறை யாரையும் கவனித்துக்கொள்வதில்லை. நீ மட்டும் ஏன் முப்பத்தொன்றைக் கணக்கு வைத்துக்கொண்டு வருந்துகிறாய்? என்னிடமே நான் இதைப் பலநாள் கேட்டுக்கொண்டேன். இதற்குப் பதில் அந்தப் பெரியவர் வேறு ஏதோ பேசும்போது தந்தார். கூரை ஒழுகி அவருடைய சாமை விதை மூட்டை ஒன்று நனைந்துவிட்டது. “நனைஞ்ச வெதையத் திரும்ப மூட்டையில வெக்க முடியாதுங்க. ஒண்ணு வெதைக்கணும், இல்லாட்டி திங்கணும்” என்றார். அவருக்கு அது விவசாயம். எனக்கு அது வேறு எங்கோ போய்த் தைத்தது.

உலர்ந்த விதை காத்திருக்கும். இஸ்ரேலின் மசாடா கோட்டை இடிபாடுகளில் கிடைத்த பேரீச்சை விதை ஒன்று ஏறக்குறைய இரண்டாயிரம் வருஷம் காத்திருந்து 2005ல் முளைத்தது. எல்லா விதைக்கும் அத்தனை பொறுமை இல்லையென்றாலும், காத்திருப்பது விதையின் பலம். அந்த நிலையில் அதற்கு யார் மேலும் பாத்தியதை இல்லை. அதைப் பாறைமேல் விட்டால் மழையின் பொறுப்பு. மழைக்குப் பொறுப்பு என்று ஒன்று இல்லை, ஏனென்றால் மழை யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை. ஆனால் நான் வேட்டித் துணி கட்டி, நாற்பதை எண்ணி எடுத்து, சலித்த மணலில் போட்டு நனைத்தேன். நனைத்த நிமிஷத்தில் விதை தன் ஒரே பலமான காத்திருப்பைக் கைவிட்டுவிடுகிறது. இனித் திரும்பிப்போக வழியில்லை. அதை அந்த இடத்துக்குக் கொண்டுவந்தவன் நான். அதன் பிறகு இயற்கையை உதாரணம் காட்டுவது, கையெழுத்துப் போட்டுவிட்டு எழுதப்படிக்கத் தெரியாது என்பது போல.

இதைச் செடியோடு நிறுத்திக்கொள்ள எனக்கு ஆசைதான். முடியவில்லை.

நம் சூழலில் ஒரு சித்தாந்தம் உண்டு. யாரும் எழுதிவைத்ததல்ல; ஆனால் எல்லோரும் அதன்படி நடக்கிறோம். புறக்கணிப்பு நல்ல கலைஞனை உறுதியாக்கும். அதில் செத்துப்போகிறவன் கலைஞனே அல்ல. வட்டமான, ஓட்டையில்லாத வாதம். செத்தவன் வந்து மறுக்கப்போவதில்லை. பிழைத்தவர்களை மட்டும் எண்ணி, பிழைத்ததற்குக் காரணம் வெயில் என்கிறோம். ஆனால் பிழைத்தவர்களின் முதல் எட்டு வருஷத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். தருமு சிவராமுவை, பிரமிளை, எடுத்துக்கொள்ளுங்கள். நம் கவிதையில் தனித்து முள்ளோடு நின்றவர் என்று யாரைக் கேட்டாலும் அவர் பெயரைச் சொல்வார்கள். திரிகோணமலையிலிருந்து இருபது வயதுப் பையன் ஒருவன் அனுப்பிய கவிதையை 1960ல் ‘எழுத்து’ அச்சிட்டது. சி.சு. செல்லப்பாவுக்கு அந்தப் பையனின் முகம் தெரிந்திருக்க நியாயமில்லை. கவிதைக்கு மேல் விமர்சனக் கட்டுரைகளுக்கும் இடம் கொடுத்தார். செல்லப்பா இளகிய மனிதர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அவருடைய விமர்சன அளவுகோல் கடுமையானது. 1959ல் தொடங்கி 1970வரை சொந்தக் கைப்பணத்தையும் உடம்பையும் செலவழித்து அவர் நடத்தியது ஒரு கண்ணாடித் துண்டு. அதனடியில் ஈரம் இருந்தது. பின்னால் அந்தச் செடிகளில் சில ஒன்றையொன்று குத்திக்கொண்டதும், செல்லப்பாவையே குத்தியதும் சரித்திரம். அவை முள்விட்ட செடிகள் ஆகும்வரை இருந்ததும் சரித்திரம்தான். அதை நாம் சொல்லுவது குறைவு.

என் பங்கையும் சொல்லிவிடுகிறேன். பல வருஷங்களுக்கு முன், ஒரு கூட்டம் முடிந்து டீக்கடையில் நின்றபோது, ஒதுங்கி நின்ற ஒரு கல்லூரிப் பையனிடம் நானாகப் போய், “எழுதுவீங்களா? அனுப்புங்க, பாக்கிறேன்” என்றேன். அவன் கேட்கவில்லை. நான் கேட்டேன். ஒரு மாதத்தில் பதினொரு கவிதைகள் வந்தன. நோட்டுத்தாளில், மார்ஜின் விட்டு, அழகாக எழுதி. ஒன்பது கவிதைகள் யாரும் எழுதக்கூடியவை. மற்ற இரண்டில் இரண்டு வரிகள் உயிரோடு இருந்தன. அது எனக்கு அப்போதே தெரிந்தது. நான் எழுதியது ஒரு கார்டு. இவற்றையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு ஐந்து வருஷம் கழித்து அனுப்பவும் என்று. அந்த இரண்டு வரிகளைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. எழுதியிருந்தால் தலைக்கேறிவிடும், வெயிலில் நின்று பழகட்டும் என்று நினைத்தேன். கறாரான வாசகன் என்ற என் பெயரை ஒரு கார்டில் காப்பாற்றிக்கொண்ட திருப்தியும் இருந்தது, இப்போது மறைப்பானேன். அவன் திரும்ப எழுதவில்லை. ஐந்து வருஷம் கழித்தும் எழுதவில்லை. அவன் பெரிய கவிஞனாக வந்திருப்பான் என்று நான் சொல்லவரவில்லை. அநேகமாக இல்லை. கேள்வி அதுவல்ல. முப்பத்தொன்றில் எது பூத்திருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியாதோ அப்படியே இதுவும். அந்த இரண்டு வரிகள் எனக்கு மனப்பாடமாக இருக்கின்றன. முகவரி இல்லை.

இதைப் படித்துவிட்டு, அப்படியானால் வருகிறதையெல்லாம் அச்சிட்டுத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதானா என்று நண்பர்கள் கேட்பார்கள். என் இரண்டாவது சட்டி அதற்கு விடை. முதல் சட்டியின் குற்ற உணர்ச்சியில் இரண்டாவதைக் கண்ணாடியை விட்டு வெளியே எடுக்கவே இல்லை. ஜன்னலிலிருந்தும் தள்ளி, அறைக்குள் வைத்தேன். மூன்று மாதம் இருபத்தாறு கன்றுகளும் சொகுசாக இருந்தன. சொகுசாக என்பது என் வார்த்தை. அவை வெளிச்சத்தைத் தேடி வெளிறி, நீண்டு, தம் பாரத்தையே தாங்கமுடியாமல் ஒரே பக்கமாகச் சாய்ந்துகொண்டிருந்தன. ஒருநாள் காலை மண்மேல் வெள்ளை நூல். மறுநாள் ஏழு கன்றுகள், கழுத்தில் நூல் கட்டி அறுத்த மாதிரி விழுந்து கிடந்தன. ஒரு வாரத்தில் நாலு மிஞ்சி, அவையும் போய்விட்டன. முதல் சட்டியைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஈரமேதான் இரண்டாவதைக் கொன்றது. அந்த மூன்று மாதமும் கன்றுகளுக்கு என்ன வேண்டும் என்று நான் பார்க்கவில்லை. முதல் தடவை செய்த குற்றத்தை மறுபடி செய்யவில்லை என்ற நிம்மதியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொடுமை ஒரு பாராமுகம் என்றால், என் கருணையும் பாராமுகமாகத்தான் இருந்தது.

மூன்றாவது சட்டியில் வேறு எதையும் புதிதாகச் செய்யவில்லை. அதே மணல், அதே ஜன்னல். நாலாவது வாரம் கண்ணாடியின் ஒரு விளிம்பில் தீக்குச்சி ஒன்றைச் செருகினேன். பத்து நாள் கழித்து அந்த இடத்தில் பென்சில். பிறகு ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம் கண்ணாடியை எடுத்துவிட்டு, எதிரே உட்கார்ந்திருந்தேன். தண்டு சுருங்கினால் மூடினேன். மண்மேல் பாசி பிடித்தால் திறந்தேன். இதற்கு விதி எதுவும் கிடையாது. கள்ளி வளர்ப்பவர்களின் புத்தகங்களில் வாரக் கணக்கு போட்டிருக்கிறது; அந்தக் கணக்கு அவர்கள் ஜன்னலுக்கு. இங்கே காப்பி நாற்றங்காலில் பந்தல் ஓலையைக் கொஞ்சம் கொஞ்சமாக உருவுகிற பெண்களிடம் எந்த நாளில் எத்தனை ஓலை என்று கேட்டேன். நாற்றைப் பார்த்தால் தெரியும் என்றார்கள். தினம் பார்க்கிறவர்களுக்குத்தான் அது தெரியும் என்பதை அவர்கள் சொல்லவில்லை. அவர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயமாகப் படவில்லை.

ஒன்று மட்டும் இன்னும் பிடிபடவில்லை. நீரைக் குறைத்து ஒரு செடிக்குத் தாகத்தைக் கற்பிக்கும்போது, அந்தத் தாகம் அதன் நன்மைக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்? வளர்ந்த செடியின் பெயரால்தான் சொல்கிறேன். அந்தச் செடி இன்னும் இல்லை. இருக்கப்போகிற ஒன்றின் பெயரால் இருக்கிற ஒன்றைத் துன்புறுத்துகிற எல்லோரும், அப்பாக்கள், வாத்தியார்கள், பத்திரிகை ஆசிரியர்கள், புரட்சிக்காரர்கள், இந்த ஒரே பத்திரத்தைத்தான் காட்டுகிறார்கள். என்னிடமும் வேறு பத்திரம் இல்லை. எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன், சுருங்கினால் மூடினேன் என்பது மட்டும் ஒரு வித்தியாசமாக இருக்கக்கூடும். அது போதுமா என்று தெரியவில்லை.

மூன்றாவது சட்டியில் பதினேழு கன்றுகள் இரண்டு வருஷம் நின்றன. சுண்டுவிரல் உயரம், நாலு பட்டை தெளிவாக விழுந்து, ஓரங்களில் வெயில்பட்ட செம்மை. போன ஆடியில் அவற்றைப் பிளாஸ்டிக் கூடையில் வைத்து மடியில் ஏந்திக்கொண்டு கீழே இறங்கும் பஸ்ஸில் போனேன். கண்டக்டர் கற்றாழையா என்று கேட்டார். ஆமாம் என்றேன். காரவள்ளியில் இறங்கி, விதை எடுத்த அதே பாறைக்குப் போய், முள் புதர்களின் வடக்குப் பக்கமாக, மண் கொஞ்சம் தங்குகிற இடுக்குகளில் நட்டேன். வெறும் பாறையில் ஒன்றைக்கூட வைக்கவில்லை. தாய்ச்செடி அதே இடத்தில் இருந்தது. அதைச் சுற்றிப் பார்த்தபோது, அதுவும் ஒரு பட்டுப்போன புதரின் கட்டைக்கு ஒட்டித்தான் நின்றுகொண்டிருந்தது. இத்தனை தடவை வந்தும் நான் அந்தக் கட்டையைக் கவனித்ததில்லை.

ஐப்பசியில் போய்ப் பார்த்தேன். ஒன்பது நின்றன. மூன்றை ஆடு தின்றிருந்தது. மற்ற ஐந்துக்கு என்ன ஆயிற்று என்று கண்டுபிடிக்க முடியவில்லை. இடுக்குகளில் அடையாளத்துக்கு நான் வைத்த கூழாங்கற்கள் மட்டும் இருந்தன.